லாகூர்ப் புலி

நோட்டீசில் ஊர் லாகூர்.
பெயர் குலாம் சிங்.
ஒரு பெயருக்குள் இரண்டு மதம் இடிபடுவதை
மெத்தியாசின் அச்சுக்கூடத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.
சரியான பெயர் கோணாமலை.
திருக்கடலூர், கடலில் இருந்து மூன்றாவது ஒழுங்கை.

என்னிடம் இருப்பது மெத்தியாசின் கணக்குக் கொப்பி.
பழைய பேப்பர்க் கடையில் நிறுத்து வாங்கியது;
கரப்பான் அரித்த ஓரம், ஊதா மை.
முப்பத்தெட்டு ஆவணி தொடக்கம் நாற்பத்தொன்று மாசி வரை
நாற்பத்தாறு குஸ்தி.
வெற்றி இரண்டு.
இரண்டிலும் எதிராளி வரவில்லை.

தோற்றால் ஐந்து ரூபாய்.
இரத்தம் வந்தால் ஏழு.
தலைப்பாகை வாடகை கழிவு, பதினைந்து சதம்.
முதல் பக்கத்தில் ஒப்பந்தம், நாலே வரி.
நாலாவது:
கோதாவிலும் வெளியிலும் வாய் திறக்கக் கூடாது.

திறந்தால் தமிழ் வந்துவிடும்.
பதுளையில் முழங்கையை முறுக்கினபோது
"ஐயோ" தொண்டை வரை வந்து திரும்பியிருக்கும்.
முனகலுக்கும் ஊர் உண்டு.
கண்டி ரயிலில், கரிமூட்டை சுமந்த தோளை
ஜன்னலில் சாய்த்துக்கொண்டு,
லாகூர்க்காரன் எப்படி முனகுவான் என்று
மெல்லப் பழகியிருப்பார்.
வீட்டில் சொன்னது: கொழும்புத் துறைமுகத்தில் வேலை.

பிறகு இந்த வரி:
திருகோணமலை. கடற்கரை வெளி. ஸ்டோக்கர் பார்லோ.
மூன்றாம் சுற்றில் விழவும்.

அன்று நின்றவர்கள் ஆளுக்கொன்றாய்ச் சொன்னதை ஒட்டுப்போட்டால்:
தரை இருபத்தைந்து சதம், கதிரை ஒரு ரூபாய்.
டொக்யார்ட் கூலிகள், மூதூர்த் தோணிக்காரர்,
வெள்ளைச் சட்டை நேவிக்காரர்,
கோட்டையிலிருந்து இறங்கிவந்து
கடலைச் சுருளின் கடதாசி தின்னும் மான் இரண்டு.
வெள்ளைக்காரனைத் தூக்கிப் போடு என்று
ஊரே கத்துகிறது: லாகூர்! லாகூர்!
சொந்த ஊர் முதன்முதல் கூப்பிடுகிறது,
வேறொருவன் ஊரைச் சொல்லி.

மூன்றாம் சுற்று.
மெத்தியாஸ் சுருட்டை வாயிலிருந்து எடுக்கிறார்.
அதுதான் சைகை.
விழுந்தார். நன்றாகத்தான் விழுந்தார்,
நாற்பத்து மூன்று தரம் பழகிய விழுகை.
எழும்படா! எழும்படா லாகூரு!
அத்தனை "டா"வுக்கும் நடுவில்
கடலைக் கூடைப் பக்கமிருந்து ஒரு குரல்,
உரப்பாகவும் இல்லை:

"எழும்புங்கோ."

லாகூர்ப் புலியை யார் "ங்கோ" போட்டுக் கூப்பிடுவது?
திரவியம்.
மடங்கிய காதைக் கண்டாளோ,
பலகைப் பாலத்தில் கரி ஏற்றி
வெளிப்பக்கம் வளைந்த இடது காலைக் கண்டாளோ.

பதினொரு வருடம் அந்தக் குரலுக்கு
"ஓம், வாறன்" என்று சொல்லிய நாக்கு.
அதைப் பல்லுக்குள் வைத்து இறுக்கினார்.
நடுவர் மூன்று எண்ணினான்.

கொப்பியில்: தோல்வி. ரூபாய் ஏழு.
இரத்தம் சொல்லிவைக்காதது என்று பக்கத்தில் மெத்தியாஸ்,
ஒரு கேள்விக்குறியோடு.
அதன் பிறகு பக்கங்கள் வெறுமை.
நடுவில் ஒரு பூச்சி மட்டும், தட்டையாய்.

இனி வருவது கொப்பியில் இல்லை, நான் எழுதுவது.
கன்னியாவில் ஏழு கிணறு. விடியப்புறம்.
சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி
வாளி வாளியாய் அவள் ஊற்றுகிறாள்.
தோளில் பார்லோவின் விரல் ஐந்தும் நீலம்.
ஆறாவது கிணற்றடியில் கேட்கிறாள்:
"லாகூரில இப்ப மழையோ?"

அவர் வாய் திறக்கவில்லை.
ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு நாள் கிடந்தது.